நெஞ்செலும்புக்குப் பின்னால் நடக்கும் கூத்து

கழுத்துக்குக் கீழே, காரை எலும்புகள் இரண்டும் கூடும் இடத்தில் சின்னதாக ஒரு குழி தட்டுப்படும். அங்கே விரலை வைத்து அப்படியே இரண்டு மூன்று விரற்கடை கீழே இறக்குங்கள். நெஞ்செலும்பு. அதற்கு நேர் பின்னால், இதயத்தின் தலைமாட்டில், இரண்டு மடல்களாகப் படுத்துக் கிடக்கிறது தைமஸ். பிறக்கும்போது ஏறக்குறைய 15 கிராம், பருவமடையும் வயதில் 30, 40 கிராம். உங்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டதென்றால் விரலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கொழுப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கதை பிறகு.

இப்போது நாம் நுழையப்போவது இளந்தைமஸுக்குள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை! உடம்பில் இதைவிட ஊதாரியான, இதைவிடக் கொடூரமான இடம் இன்னொன்று கிடையாது. கணக்கை மட்டும் கேளுங்கள். ஓர் இளம் சுண்டெலியின் தைமஸ் நாள்தோறும் சுமார் 5 கோடி புதுச் செல்களை உண்டாக்குகிறது. அவற்றில் வெளியே கால் வைப்பவை 10 லட்சம், மிஞ்சிப் போனால் 20 லட்சம். மீதி அத்தனையும் உள்ளேயே செத்துப்போகின்றன. மறுநாள் காலையில் மறுபடியும் 5 கோடி.

பிழைத்து வெளியே வருகிறவைதான் டி செல்கள். வைரஸ் குடியேறிய செல்லைத் தேடிப் பிடித்துக் கொல்கிறவை, ஆன்டிபாடி தயாரிக்கச் சொல்லி பி செல்களை முடுக்குகிறவை எல்லாம் இவைதான். எச்.ஐ.வி. குறிவைத்துத் தாக்குவதும் இவற்றில் ஒரு பிரிவைத்தான். பாடப்புத்தகங்கள் தைமஸை டி செல்களின் பள்ளிக்கூடம் என்கின்றன. எனக்கு ஒப்பவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தேர்ச்சி விகிதம் பேசுகிற பள்ளிக்கூடம் உண்டா என்ன?

இவ்வளவு அமர்க்களம் நெஞ்சுக்குள் நடந்தும் 1961 வரை இது எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, தப்பாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் மருத்துவர்களுக்கு அறுத்துப் பார்க்கக் கிடைத்தவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். நாள்பட்ட நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே சரியான அளவு என்று எழுதி வைத்தார்கள். பிறகு, நன்றாக இருந்து தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தையை அறுத்துப் பார்த்தால் தைமஸ் ‘பெரிதாக’ இருந்தது. அட, இதுதான் குழந்தையைக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். விளைவு, 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ் கதிர் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. கொஞ்சமும் தவறு செய்யாத உறுப்புக்குக் கொடுத்த தண்டனை அது.

1961இல் லண்டன் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் மில்லருக்கு வயது முப்பது. அவர் தைமஸைத் தேடிப் போகவில்லை. சுண்டெலிகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார், அது தைமஸில் தொடங்கும். அதற்காகப் பிறந்த கையோடு குட்டிகளின் தைமஸை வெட்டி எடுத்தார். பிறந்த சுண்டெலிக் குட்டியின் எடை ஒரு கிராம் இருக்கும். அதன் நெஞ்சைத் திறந்து, இதயத்தைத் தொடாமல், தைமஸை மட்டும் உருவ வேண்டும். கையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. குட்டிகள் முதலில் நன்றாகத்தான் இருந்தன. பால்குடி மறந்த பிறகு இளைத்தன, தொற்று நோய்களில் மடிந்தன. ரத்தத்தில் லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்கள் அருகிவிட்டன. இன்னும் விசித்திரம், வேறு சுண்டெலிகளின் தோலை ஒட்டினால் உதறித் தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. முதுகில் வேறொரு நிறத்து முடிக் கற்றையோடு அந்தச் சுண்டெலிகள் உலாவின. நோய் எதிர்ப்பின் ஆணிவேர் தைமஸ்தான் என்று மில்லர் அறிவித்தார்.

யாராவது மாலை போட்டார்களா? உறுப்பு ஒட்டுதல் ஆய்வுக்காக 1960இல் நோபல் வாங்கிய பீட்டர் மெடாவரே, தைமஸில் லிம்ஃபோசைட்டுகள் குவிந்திருப்பது பரிணாமத்தின் பெரிய முக்கியத்துவமற்ற தற்செயல் என்ற பொருளில் 1963இல் எழுதினார். மேதைகள் சறுக்கும்போது பார்க்க எனக்குத் தனி ஆனந்தம். மில்லர் பின்னர் மெல்போர்னுக்குப் போய், டி செல் வேறு, பி செல் வேறு, இரண்டும் கைகோத்தால்தான் ஆன்டிபாடி என்று 1968இல் கிரஹாம் மிட்செலோடு சேர்ந்து நிறுவினார். 2019இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

போதும், வாருங்கள் உள்ளே.

தைமஸ் தன் செல்களைத் தானே வித்திட்டுக்கொள்வதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்தில் மிதந்து வரும் முன்னோடிச் செல்கள் சில, தைமஸ் கசியவிடும் வேதிச் சமிக்ஞையில் மயங்கி உள்ளே நுழைகின்றன. நுழையும்போது அவை இன்னும் டி செல் இல்லை. பி செல்லாகலாம், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் ஆகலாம், எல்லா வழியும் திறந்திருக்கிறது. நுழைந்ததும் தைமஸின் எபிதீலியச் செல்கள் தங்கள் மேற்பரப்பிலுள்ள ஒரு புரோட்டீனால் அவற்றை விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. வந்த செல்லின் பக்கத்தில் அந்தத் தொடுகையை உணரும் ஏற்பிக்கு நாட்ச் என்று பெயர். தொடத் தொட மற்ற வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. சுண்டெலியில் இந்த நாட்ச் ஏற்பியை நீக்கிப் பார்த்தார்கள். தைமஸ் முழுக்க பி செல்கள் முளைத்துவிட்டன! தொடுவதற்கு இத்தனை சக்தி.

அடுத்து நடப்பதைப் பார்த்தால் எந்தப் பொறியாளரும் தலையில் கைவைப்பார். செல்லுக்குள் ராக் என்ற நொதி விழித்துக்கொண்டு, செல்லின் சொந்த டி.என்.ஏ.வையே வெட்டுகிறது. உடம்பின் வேறு செல்லில் டி.என்.ஏ. இப்படி அறுந்தால் அபாயச் சங்கு ஊதிவிடும், இங்கே வேண்டுமென்றே அறுக்கிறார்கள். 7ஆம் குரோமோசோமில் வரிசையாகக் கிடக்கும் ஜீன் துண்டுகளில் இங்கொன்று அங்கொன்று எடுத்து, நடுவில் உள்ளதைத் தூக்கி எறிந்துவிட்டு, முனைகளை ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது இன்னொரு நொதி வந்து, எந்த மூலப்பிரதியும் பார்க்காமல், தோன்றிய எழுத்துகளைச் செருகிவிட்டுப் போகிறது. இப்படிப் பிறப்பதுதான் டி செல் ஏற்பியின் பீட்டா சங்கிலி. மரபணுச் சங்கேதம் மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால், ஒட்டிய இடத்தில் கணக்கு தப்பினால் எல்லாம் வீண், மூன்றில் இரண்டு முறை தப்புகிறது. இரண்டு குரோமோசோம்களிலும் தப்பினால் அந்தச் செல்லுக்கு அத்தோடு சரி. தப்பாமல் ஒட்டினால் தற்காலிகத் துணையோடு பீட்டாவைப் பரிசோதித்துவிட்டு, செல் மளமளவென்று பெருகுகிறது. பிறகு 14ஆம் குரோமோசோமில் இதே வெட்டு ஒட்டு வேலை, ஆல்பா சங்கிலிக்காக. இங்கே கொஞ்சம் தாராளம். முதல் முயற்சி பலிக்காவிட்டால் அடுத்த துண்டு, அதுவும் பலிக்காவிட்டால் அதற்கடுத்தது.

ராக் நொதியின் பூர்வீகம் இன்னும் அட்டகாசம். ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு முதுகெலும்பி மூதாதையின் மரபணுத் தொகுதிக்குள் குதித்து ஒட்டிக்கொண்ட தாவும் ஜீன் அது. அழையா விருந்தாளியை வேலைக்கு வைத்துக்கொண்டதுதான் சுறாவிலிருந்து நம் வரைக்கும், தாடையுள்ள முதுகெலும்பிகள் அனைத்தின் நோய் எதிர்ப்பும்.

இந்தக் குலுக்கலில் ஒவ்வொரு செல்லுக்கும் வேறு வேறு ஏற்பி கிடைக்கிறது. ஒன்று நாளை வரப்போகும் இன்ஃபுளூவென்சாவைப் பிடிக்கலாம். இன்னொன்று எதையுமே பிடிக்காமல் போகலாம். மூன்றாவது நம் கணையத்தையே பிடித்துக் கடிக்கலாம். எது எப்படி என்று உண்டாக்கியவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் தேர்வு. இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாத விஷயம்: இந்தத் தேர்வுகளில் கிருமிகளுக்கு வேலையே இல்லை. வருங்கால எதிரியின் படத்தைத் தைமஸ் காட்டுவதில்லை, காட்ட அதனிடம் படமும் இல்லை. செல்கள் சந்திப்பதெல்லாம் சொந்த உடம்பை மட்டுமே.

முதல் தேர்வு தைமஸின் வெளிப்பகுதியான புறணியில். நம் செல்கள் அநேகமாக எல்லாமே தங்களுக்குள் இருக்கும் புரோட்டீன்களை நறுக்கி, அந்தத் துணுக்குகளை எம்.எச்.சி. என்ற மூலக்கூறில் வைத்து வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கும். டி செல்லுக்கு வைரஸை நேரடியாகப் பார்க்கத் தெரியாது, எம்.எச்.சி. நீட்டினால்தான் தெரியும். இதை 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரால்ஃப் ஜிங்கர்நாகலும் கண்டுபிடித்தார்கள், 1996இல் நோபல். ஆகவே புறணியின் எபிதீலியச் செல்கள் எம்.எச்.சி.யை நீட்டுகின்றன. இளம் செல்லின் ஏற்பி அதை லேசாகவாவது பற்ற வேண்டும். பற்றினால் உயிர். மூன்று நான்கு நாள் அலைந்தும் பற்ற எதுவும் கிடைக்கவில்லையென்றால், யாரும் வந்து கொல்வதில்லை. கவனிப்பாரில்லாமல் செல் தன்னையே முடித்துக்கொள்கிறது. பத்தில் ஒன்பதின் கதை இப்படித்தான் முடிகிறது. இத்தனை சாவு நடக்கும் இடத்தில் பிணமே கண்ணில் படாது. மேக்ரோஃபேஜ்கள் அத்தனை சுறுசுறுப்பு, செல் செத்த சூட்டோடு விழுங்கிவிடுகின்றன.

புறணிக்காரர்கள் துணுக்கு நறுக்குவதிலும் ஒரு தனித்துவம் வைத்திருக்கிறார்கள். புரோட்டீன்களை நறுக்கும் புரோட்டியசோம் எல்லாச் செல்லிலும் உண்டு. ஆனால் இவர்களிடம் உள்ள வகை உடம்பில் வேறெங்குமே கிடையாது, 2007இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். இன்னொரு வகைச் செல் பல பத்து இளம் செல்களைத் தன் உடம்புக்குள்ளேயே வாரி அணைத்து வைத்திருக்கிறது, செவிலிச் செல் என்று பெயர். சாவு வீட்டில் தாலாட்டு!

தேறிய செல்லுக்கு உடனே ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதுவரை அது சி.டி.4, சி.டி.8 என்ற இரண்டு துணை மூலக்கூறுகளையும் அணிந்திருக்கும். ஒன்றைக் கழற்றியாக வேண்டும். சி.டி.4 மிஞ்சினால் உதவி டி செல், சி.டி.8 மிஞ்சினால் கொலை டி செல். எது தனக்குப் பொருந்தும் என்று செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் ஆல்ஃபிரட் சிங்கர் குழு சொல்லும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செல் முதலில் சி.டி.8 தயாரிப்பை நிறுத்திப் பார்க்கிறது. நிறுத்தியும் சமிக்ஞை தொடர்ந்து வருகிறதா? அப்படியானால் சி.டி.8 தேவையே இல்லை, நான் உதவி செல். சமிக்ஞை அறுந்துவிட்டதா? அடடா, அதுதானே வேண்டியிருந்தது என்று சி.டி.8ஐத் திரும்பத் தொடங்கி, சி.டி.4ஐ நிரந்தரமாக மூடிவிடுகிறது.

இனி உள்ளறைக்குப் போகிறோம். அகணி. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், வந்த காரியமே இதற்குத்தான்.

தெருக்கூத்தில் ஆட்டம் தொடங்குமுன் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததுண்டா? அரிதாரம் பூசிய துரியோதனன் பீடி பிடித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் பாதி வேடத்தில் திரௌபதி. அகணி அப்படியொரு ஒப்பனைக் கொட்டகை. இங்குள்ள எபிதீலியச் செல்கள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத உறுப்புகளின் புரோட்டீன்களைத் தயாரிக்கின்றன. கணையத்தின் இன்சுலின், கண்ணின் விழித்திரைப் புரோட்டீன், தாய்ப்பாலின் கேசின். நெஞ்சுக்குள் இருக்கும் சுரப்பி எதற்கு இன்சுலின் செய்ய வேண்டும்? புதிய டி செல்லுக்குக் காட்டத்தான்! உடம்பின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் புரோட்டீனை டி செல் முதல்முறை அங்கே போய்ப் பார்த்தால் எதிரி என்று பாய்ந்துவிடும். ஆகவே இங்கேயே காட்டி, இறுக்கிப் பிடிக்கும் செல்லை இங்கேயே கொன்றுவிடுகிறார்கள். புறணியில் பற்றாதவன் செத்தான், அகணியில் அளவுக்கு மிஞ்சிப் பற்றுகிறவன் சாகிறான்.

அகணிச் செல்கள் அத்தனையையும் ஒன்றாகக் கூட்டினால் உடம்பின் புரோட்டீன் ஜீன்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் இங்கே தலைகாட்டுகின்றன. ஆனால் ஒரு செல் ஒரு சிறு பங்கைத்தான் காட்டும், ஆகவே டி செல் நாலைந்து நாள் கொட்டகை முழுக்கச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டை நடத்துபவற்றில் முக்கியமானது ஏர் என்ற ஜீன். அதை நீக்கிய சுண்டெலிகளில் இந்தக் காட்சிகளில் பெரும்பகுதி நின்றுபோவதையும், அவற்றின் உறுப்புகளை அவற்றின் டி செல்களே தாக்குவதையும் டயான் மேத்திஸ், கிறிஸ்தோஃப் பெனோவா குழு 2002இல் காட்டியது. அதே குழு 2022இல் சொன்னது இன்னும் கிறுகிறுக்க வைத்தது. சில அகணிச் செல்கள் ஏதோ நாலு புரோட்டீனை மட்டும் செய்துவிட்டு நிற்பதில்லை. தசைச் செல்லாக, குடல் செல்லாக, தோல் செல்லாக, மூச்சுக்குழாயின் மயிரிழைச் செல்லாக முழு வேடமே கட்டிக்கொள்கின்றன. நிஜத் தசையை உருவாக்கும் அதே கட்டளை ஜீன்கள் இங்கேயும் இயங்குகின்றன.

இதில் ஒரு கிளைக்கதை, சொல்லாமல் போக மனசில்லை. தைமஸுக்குள் என்ன இது, தசைச் செல் மாதிரி தெரிகிறதே என்று 19ஆம் நூற்றாண்டு நுண்ணோக்கிக்காரர்களே குழம்பியிருக்கிறார்கள். அகணியில் அடுக்கடுக்காகச் சுருண்டு கிடக்கும் செல் உருண்டைகளைப் படத்தோடு விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹஸ்ஸால், இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். இதே ஹஸ்ஸால்தான் 1850களில் லண்டன் கடைகளின் காப்பித்தூளையும் மிளகையும் நுண்ணோக்கியில் வைத்துக் கலப்படக்காரர்களைச் சந்தி சிரிக்க வைத்தவர். ஒரு மனிதருக்கு எத்தனை வேடம் பாருங்கள்!

ஏர் ஜீன் பழுதானால் மனிதருக்கு என்ன ஆகும்? அந்த ஜீன் கண்டுபிடிக்கப்பட்டதே அதன் பழுதால் வரும் நோயைத் துரத்திப் போய்தான், 1997இல். பின்லாந்து மக்களிடமும் சார்டீனியத் தீவினரிடமும் ஈரானிய யூதரிடமும் ஒப்பீட்டளவில் அதிகம். குழந்தைப் பருவத்தில் வாயில் பூஞ்சை, பிறகு பாராதைராய்டு செயலிழப்பு, பிறகு அட்ரினல் என்று ஒவ்வோர் உறுப்பாக உடம்பே தின்னத் தொடங்கும். கொட்டகையில் ஒருவர் வேடம் கட்ட மறந்தால் வெளியே அந்த உறுப்புக்குக் கேடு.

அகணியில் இறுக்கிப் பிடித்த எல்லாருமே சாவதில்லை என்பதுதான் அடுத்த திருப்பம். 1969இல் ஜப்பானில் நிஷிசுகா, சகாகுரா என்ற இருவர் சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை மூன்றாம் நாள் எடுத்தார்கள். மில்லரின் குட்டிகள் மாதிரி எதிர்ப்பு குறையும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. குட்டிகளின் சூலகம் சிதைந்தது, அது உடம்பு தன்னையே தாக்கியதன் விளைவு என்று பின்னர் தெரிந்தது. பிறந்த உடனே எடுத்தால் படையே இல்லை, மூன்று நாள் கழித்து எடுத்தால் படை தறிகெட்டு ஓடுகிறது. அப்படியென்றால் கொஞ்சம் தாமதமாக வெளியேறும் ஏதோ ஒரு கூட்டம் மற்றவர்களை அடக்கி வைத்திருக்க வேண்டும். அதை விடாப்பிடியாகத் தேடியவர் ஷிமோன் சகாகுச்சி. கட்டுப்படுத்தும் டி செல்களை 1995இல் அடையாளம் காட்டினார். சொந்த உடம்பை ஓரளவு பலமாகவே பற்றும் செல்களில் சில, கொல்லப்படாமல் காவலுக்கு அனுப்பப்படுகின்றன என்பதுதான் சேதி. துரோகியாகும் வாய்ப்புள்ளவனையே காவல்காரனாக்கும் சாமர்த்தியம்! அதற்கான ஃபாக்ஸ்பி3 ஜீனை மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் வெளியிட்டார்கள். மூவருக்கும் 2025இல் நோபல். பரிசு அறிவித்த அன்று ராம்ஸ்டெல் அமெரிக்க மலைக்காடுகளில் தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு நடைப்பயணத்தில் இருந்தார். உலகமே தேடியது, ஆளைப் பிடிக்க முடியவில்லை. தாமதமாக வெளியேறும் செல்களின் ஜீனைக் கண்டுபிடித்தவருக்குச் செய்தியும் தாமதம்.

எல்லாம் கடந்த செல் ரத்தத்திலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறின் ஈர்ப்பை உணரும் ஏற்பியை அணிந்து, அகணி ஓரத்து ரத்தக் குழாய்க்குள் நழுவுகிறது. வெளியே நிணநீர்க் கணுக்களில் பல ஆண்டுகள் சுற்றும்.

தைமஸ் சுருங்கும் கதைக்கு வருகிறேன். பருவமடைந்த பிறகு பாலின ஹார்மோன்களின் ஆட்சியில் எபிதீலியம் கரைந்து, கொழுப்பு ஏறுகிறது. கடும் நோயிலும் பட்டினியிலும் இன்னும் வேகமாக. அதற்குள் சேர்த்து வைத்த டி செல்கள் வெளியே பெருகிக் காலம் தள்ளுகின்றன. ஆகவே பெரியவர்களுக்கு இது இருந்தாலென்ன போனாலென்ன என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. பாஸ்டனிலிருந்து 2023இல் வந்த ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது. வெவ்வேறு காரணங்களுக்காகத் தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களையும், நெஞ்சில் வேறு அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 8.1 விழுக்காடு, இரண்டாவதில் 2.8. புற்றுநோயும் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் கொழுப்புக்குள் இன்னும் ஏதோ விளக்கு எரிகிறது.

தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு, மிக அபூர்வமாக. கருவில் தைமஸ் கழுத்தருகே உருவாகி நெஞ்சுக்கு இறங்க வேண்டும், சிலருக்கு அது உருவாகவே உருவாகாது. அவர்களுக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்கெர்ட் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய சிகிச்சைக்கு 2021 அக்டோபரில் அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. இதய அறுவைக்கு வரும் வேறு கைக்குழந்தைகளின் நெஞ்சைத் திறக்கும்போது, இதயத்தை எட்டுவதற்காகத் தைமஸில் கொஞ்சம் வெட்டி எடுப்பது வழக்கம். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய அந்தத் துண்டை மெல்லிய சீவல்களாக்கி, இரண்டு மூன்று வாரம் ஆய்வகத்தில் வளர்த்து, தைமஸ் இல்லாத குழந்தைக்கு வைக்கிறார்கள். எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? நெஞ்சில் இல்லை. தொடையில்! தொடைத் தசைக்குள் செருகித் தைத்துவிடுகிறார்கள். குழந்தையின் சொந்த மஜ்ஜைச் செல்கள் ரத்தத்தில் வழி தேடி அங்கே போய்ச் சேர்கின்றன. வெட்டு ஒட்டு, பற்றல், சாவு, வேடம், காவல் அத்தனையும் தொடைக்குள் நடக்கின்றன. ஆறு மாதம், ஓராண்டு போனபின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் புத்தம்புதிய டி செல்கள்.